பனியன் சந்துக்குள்ள ஒரு லேப்டாப்!

லேப்டாப் ரெடி. டேட்டாபேஸ் தெரியும். மொபைல் ஆப் எழுத வரும். நூறு விசிட்டிங் கார்டுகூட அடிச்சு வெச்சாச்சு. இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான்... கஸ்டமர்!

'சொந்தமா சாஃப்ட்வேர் பண்ணப் போறேன்ப்பா' என்று நீங்கள் சொன்னபோது அப்பா கோபப்படவில்லை. பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், 'சரி... யாருக்கு?' என்று மட்டும் கேட்டார். அந்த ஒற்றை வார்த்தைக்குப் பதில் தெரியாமல் மூணு மாசம் ஓடிவிட்டது. 'எல்லா விதமான சாஃப்ட்வேரும் செய்து தரப்படும்' என்று ஃபேஸ்புக்கில் காசு கட்டி விளம்பரம் போட்டீர்கள். வந்த போன் இரண்டு. ஒன்று, லோன் வேணுமா சார் என்று கேட்டது. இன்னொன்று, உங்களைப் போலவே கஸ்டமர் தேடிக்கொண்டிருக்கும் இன்னொரு பையன்!

விடுங்க பாஸ். ஒரு செட் டிரெஸ்ஸை எடுத்து பேக்ல வைங்க. அந்த 'யாருக்கு?'வைத் தேடி திருப்பூர் வரைக்கும் போயிட்டு வரலாம்.

ஏன் திருப்பூர்? தனியாளாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கலாம் என்று எனக்கு முதலில் காட்டிய ஊர் அது. என் முதல் நல்ல பேர் அங்கேதான் கிடைத்தது. முதல் கெட்ட பேரும் அங்கேதான். இரண்டு இடத்தையும் காட்டுகிறேன், வாங்க.

போவதாக இருந்தால் புதன்கிழமையாகப் பார்த்துப் போங்க. திங்கள்கிழமை ஆள் வந்திருக்காது. வெள்ளிக்கிழமை முதலாளி பேங்குக்கு ஓடிக்கொண்டிருப்பார். சனிக்கிழமை? கேட் பக்கமே போகாதீங்க. திருப்பூரில் வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போடணும், அதுக்குள்ளே காசு புரட்டணும். அந்த நேரத்தில் 'சார், ஒரு அஞ்சு நிமிஷம் டெமோ...' என்று நிற்பவனை யாருக்குப் பிடிக்கும்? தீபாவளியை ஒட்டியும் வேண்டாம். தென் மாவட்டத்து ஆட்கள் எல்லாம் பஸ் பிடித்துப் போய்விட, ஊரே காலியாகக் கிடக்கும்.

சென்னையிலிருந்து சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலையில் திருப்பூர். ஸ்டேஷன் பக்கத்திலேயே கொடி காத்த குமரன் நினைவகம். 1932 ஜனவரியில் தடியடி பட்டு இறந்தும் கொடியை விடாத அதே குமரன். அவர் பேரில் இருக்கும் குமரன் ரோட்டில் இறங்கி நடங்க. பனியன் மொத்த வியாபாரம் பார்க்கணும் என்றால் காதர்பேட்டைக்குள் ஒரு ரவுண்டு வரலாம். தொங்கவிட்ட டி-ஷர்ட், அடுக்கி வைத்த டி-ஷர்ட், மூட்டையிலிருந்து சரிந்து விழும் டி-ஷர்ட். ஆனா உங்க வேலை அங்கே இல்லை. அங்கே இருப்பது முடிந்துபோன பனியன். நமக்கு வேண்டியது முடியாத பனியன்!

பேக்கரியில் ஒரு மணி நேரம்

கொங்கு நாட்டில் டீக்கடைக்குப் பேர் பேக்கரி. ஒரு டீ, ஒரு தேங்காய் பன். கம்பெனிகள் நெருக்கி அடித்த ஒரு சந்து முனையில், ராயபுரம் பக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள், காலை எட்டு மணிக்கு இதை வாங்கிக்கொண்டு ஓரமாக நில்லுங்க. போனை எடுக்காதீங்க. காதை மட்டும் திறந்து வைங்க.

நான் நின்ற அன்றைக்குக் கேட்டது இது:

'ரெண்டு ரோல் கம்மியா வந்திருக்குங்.'

'டி.சி. எங்கீங்க?'

'சட்டைப் பையில இருந்துச்சுங்க. வூட்ல தொவைக்கப் போட்டுட்டாங்க!'

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தத் துவைத்த டி.சி.தான் பின்னாடி எனக்குச் சோறு போடப் போகிறது என்று அப்போது தெரியாது.

டி.சி. என்றால் டெலிவரி சலான். ஒரு சின்னச் சீட்டு. அது ஏன் இந்த ஊரின் உயிர்நாடி என்று புரிய, ஒரு பனியன் பிறக்கும் கதையைக் கேட்டாக வேண்டும். நூல் வாங்கி நிட்டிங்குக்கு அனுப்புகிறார்கள். அங்கே துணியாகி டையிங் போகிறது. கலர் ஏறி காம்பாக்டிங் போகிறது. பிறகு கட்டிங். நெஞ்சில் படம் வேணும் என்றால் பிரிண்டிங், பூ வேணும் என்றால் எம்பிராய்டரி. அப்புறம் ஸ்டிச்சிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பெரிய கம்பெனிகள் சில எல்லாவற்றையும் ஒரே காம்பவுண்டுக்குள் வைத்திருக்கும். மற்றவர்களுக்கு இதில் பாதிக்கு மேல் வெளியே, ஜாப் ஒர்க். டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லிலும் டாடா ஏஸிலும் துணி ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவை வாசல் தாண்டும்போதும் ஒரு டி.சி.

இதில் ஒரு குசும்பு இருக்கிறது, கவனிங்க. கிளம்பும்போது கணக்கு கிலோவில். கட்டிங் டேபிளைத் தாண்டியதும் பீஸில். கடைசியில் அட்டைப்பெட்டியில். நூறு கிலோ அனுப்பினால் நூறு கிலோவே திரும்பி வராது. ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கழியும். எவ்வளவு கழிந்தால் நியாயம், எவ்வளவு கழிந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்? இதுதான் அந்த ஊர் முதலாளிகளின் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி. போதாக்குறைக்கு 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்பி வந்ததா என்று காட்ட வேண்டும். வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாக எடுத்துக்கொண்டு வரி கேட்பார்கள். துவைத்துப்போன டி.சி.க்கு இப்போ வரியும் சேர்ந்துகொண்டது!

காலேஜில் இன்வென்டரி மேனேஜ்மென்ட் என்று ஒரு புராஜெக்ட் பண்ணினீர்களே, ஞாபகம் இருக்கா? அதில் கிலோ பீஸாக மாறுமா? மாறாது. என்னுடையதிலும் மாறவில்லை. அதனால்தான் அந்தக் கூத்து நடந்தது.

நாற்பத்திரண்டு ரிப்போர்ட்

ஒரு நண்பனின் மாமா மூலம் ஒரு முதலாளியைப் பிடித்தேன். அறுபது வயசிருக்கும். கைமடியாகச் சேர்ந்து, டெய்லராகி, கடன் வாங்கி பத்து மிஷின் போட்டு, அது அறுபதாக வளர்ந்த கதை. திருப்பூரில் இப்படி மிஷினில் உட்கார்ந்து எழுந்தவர்கள் நிறையப் பேர் முதலாளியாக இருக்கிறார்கள். இவர்களிடம் தொழிலைப் பற்றி பீலா விட்டால் ரெண்டே நிமிஷத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் நான் விடவில்லை. கம்ப்யூட்டரைப் பற்றி விட்டேன்!

கலர் கலராக கிராஃப். பட்டனைத் தட்டினால் பி.டி.எஃப். மொத்தம் நாற்பத்திரண்டு ரிப்போர்ட். முக்கால் மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். டீ வரவழைத்தார். கடைசியில், 'அதெல்லாம் சரிங்க தம்பி. டையிங்குக்குப் போன துணியில எத்தன கிலோ இன்னும் திரும்பல... அது இதுல தெரியுங்களா?' என்றார்.

தெரியாது.

'பரவால்லீங்க. நல்லா பண்ணியிருக்கீங்க' என்று வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். கொங்கு மரியாதை. திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ரூமுக்குப் போகவில்லை. திரும்பி அந்த பேக்கரிக்கே போய் நின்றேன். மறுநாள், அவருடைய டெலிவரி செக்ஷனில் ஒரு மூலையில் உட்கார அனுமதி கேட்டேன். 'எதுக்குங்க?' என்றார். 'சும்மா பாக்கறதுக்குங்க' என்றேன். மூணு நாள் உட்கார்ந்தேன். அங்கே டி.சி. எழுதுகிற அக்காவுக்கு இங்கிலீஷ் டைப்பிங் வராது என்பதைப் பார்த்தேன். அவர் கையில் எப்போதும் போன் இருப்பதையும் பார்த்தேன். வண்டிக்காரர் அவசரப்படுத்தும்போது எடை எழுத மறந்துவிடுவதைப் பார்த்தேன். எந்த ரிப்போர்ட்டையும் யாரும் கேட்கவில்லை. முதலாளி சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், தினமும்: 'இன்னிக்கி என்னென்ன வெளிய நிக்குது?'

நாற்பத்திரண்டையும் தூக்கிப் போட்டேன். ஒரே ஒரு ஸ்கிரீன். தமிழில். போனில் சீட்டைப் படம் எடு, போன எடையைத் தட்டு, வரும்போது வந்த எடையைத் தட்டு. வித்தியாசம் சிவப்பில் நிற்கும். ராத்திரி ஏழு மணிக்கு முதலாளியின் வாட்ஸ்-அப்புக்கு ஒரு செய்தி: இன்று வெளியே நிற்பவை. அவ்வளவுதான். ஒன்பது நாள் வேலை. பன்னிரண்டாயிரம் ரூபாய் கேட்டேன். பேரம் பேசாமல் கொடுத்தார். அப்போதுதான் உறைத்தது, குறைத்துக் கேட்டுவிட்டோம் என்று!

விலை விஷயத்தில் நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீங்க. ஒன்பது நாள், நாளைக்கு இத்தனை என்று என் உழைப்பை எண்ணி விலை சொன்னேன். மாசத்துக்கு எத்தனை கிலோ துணி கணக்கில் வராமல் போகிறது என்று அவரிடமே கேட்டிருக்க வேண்டும். அவரே ஒரு எண்ணைச் சொல்லியிருப்பார். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் என் விலையை வைத்திருந்தால், இருபத்தைந்து என்று கேட்டிருந்தாலும் அவருக்கு லாபம்தான். வருஷா வருஷம் பராமரிப்புக்குத் தனியாகக் காசு என்பதையும் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். பின்னால் போய் ஏ.எம்.சி. என்று ஆரம்பித்தால், 'அதான் அப்பவே குடுத்தாச்சேங்க' என்பார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

காசில்லாத நோட்டீஸ்

முதல் கஸ்டமர் கிடைத்தாச்சு. இரண்டாவது? இங்கேதான் நம்ம ஆட்கள் திரும்பவும் ஃபேஸ்புக்குக்கு ஓடுவார்கள். ஓடாதீங்க. அந்த டி.சி.யையே பாருங்க. ஒரு நாளைக்கு இருபது, முப்பது சீட்டு அந்தக் கம்பெனியிலிருந்து வெளியே போகிறது. எங்கே? டையிங்குக்கு, காம்பாக்டிங்குக்கு, பிரிண்டிங்குக்கு. எல்லாமே வேறு வேறு முதலாளிகள். எல்லாருக்கும் அதே தலைவலி.

முதலாளியிடம் அனுமதி கேட்டு, பிரிண்ட் ஆகும் டி.சி.யின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்: என் பேர், என் நம்பர். ஒரு மாசம் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவது வாரம் ஒரு காம்பாக்டிங் யூனிட்டிலிருந்து போன். 'ஏனுங், இந்தச் சீட்டு போட்டது நீங்களாங்க? எங்களுக்கு வர்றதுலயே இது ஒண்ணுதான் படிக்கற மாதிரி இருக்குது!' என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அதுதான். நிரலைப் பற்றி இல்லை, எழுத்தின் சைஸைப் பற்றி!

இந்த ஊருக்கு இது புதுசு இல்லை. 1978-ல் வெரோனா என்ற இத்தாலி வியாபாரி பம்பாய் ஏற்றுமதியாளர்கள் மூலமாகத்தான் திருப்பூருக்கு வந்தார். தேடி வந்தது வெறும் வெள்ளை டி-ஷர்ட். அவர் வழியாக ஐரோப்பாவின் மற்ற வியாபாரிகள் வந்தார்கள். 80-களின் தொடக்கத்தில் சி அண்ட் ஏ போன்ற பெரிய கடைக்காரர்கள் வந்தார்கள். இன்றைய ஏற்றுமதி ஊர் அப்படி ஆரம்பித்ததுதான். வெள்ளை டி-ஷர்ட்டை ஒழுங்காகத் தைத்துக் கொடுத்த யாரோ ஒருவரை நினைத்துக்கொள்வேன், அந்த டி.சி. வரியைப் பார்க்கும்போதெல்லாம்.

சரி, சந்திலேயே நிற்க வேண்டாம். கொஞ்சம் நடப்போம். நொய்யல் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றைப் பாருங்க. சாயக் கழிவால் இந்த ஆறு பட்ட பாட்டுக்கு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னது. கழிவு ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாட்டோடுதான் திரும்பத் திறந்தார்கள். அதற்குப் பிறகு டையிங் செலவு எகிறியது. செலவு எகிறிய இடத்தில் கிலோவை எண்ணுவார்கள். ஊர் வரலாறு தெரியாமல் சாஃப்ட்வேர் விற்க வந்தால், எந்த டிபார்ட்மென்ட் வாசலில் முதலில் நிற்க வேண்டும் என்றே தெரியாது.

அடுத்து ஆடிட்டர் ஆபீஸ். மாடிப்படி ஏறுங்க. ஆனா மாசம் பத்து, பதினொன்று, அப்புறம் இருபதாம் தேதியை ஒட்டி வேண்டாம், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் கடைசி நாட்கள், மூச்சு விட நேரம் இருக்காது. ஆடிட்டரை நேராகப் பார்க்கவும் அவசரப்படாதீங்க. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் அசிஸ்டென்ட்டுகளைப் பாருங்க. பத்து, இருபது கம்பெனிகளின் குப்பைக் கணக்கு அவர்கள் மேஜையில்தான் வந்து கொட்டுகிறது. எந்தக் கம்பெனியின் கணக்கு எப்போதும் தப்பு என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் கம்பெனிதான் உங்க அடுத்த கஸ்டமர்!

அவர்கள் எல்லார் கம்ப்யூட்டரிலும் டேலி இருக்கும். டேலியோடு சண்டை போடாதீங்க, ப்ளீஸ். 'டேலிக்குப் பதிலா எங்க சாஃப்ட்வேர்' என்று சொன்ன கம்பெனிகளை ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. டேலி எக்ஸ்.எம்.எல். கோப்பை உள்ளே எடுத்துக்கொள்ளும். உங்க டி.சி. கணக்கை அந்த வடிவத்தில் கொடுத்துவிட்டால், அசிஸ்டென்ட் பையனுக்கு ரெண்டு நாள் டைப்பிங் மிச்சம். எனக்கு மூன்றாவது, நாலாவது, ஏழாவது கஸ்டமரைப் பிடித்துக் கொடுத்தது அப்படிப்பட்ட ஒரு தம்பிதான். அவனுக்கு நான் கொடுத்த மொத்த கமிஷன் ஒரு பிரியாணி. பணமாகக் கொடுக்கப் போனேன். 'அண்ணா, காசு வாங்கினா அப்புறம் நான் சொல்றத முதலாளி நம்ப மாட்டார்' என்றான். இருபத்திரண்டு வயசுப் பையன்!

மூன்றாவது, நாலாவது என்று ஒரே சாஃப்ட்வேரை எப்படி விற்கலாம், முதல் ஆள் காசு கொடுத்ததுதானே என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. மாசச் சம்பளத்துக்கு எழுதினால் அந்த நிரல் முதலாளிக்குச் சொந்தம். தனியாளாக ஒப்பந்தத்துக்கு எழுதினால், எழுத்தில் கையெழுத்துப் போட்டு மாற்றிக் கொடுக்காதவரை, நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டப்படி பொதுவாக எழுதியவருக்கே. அதனால் 'முழு உரிமையும் வாங்குபவருக்கு' என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்க. இருந்தால் விலையே வேற. தனியாள் பிழைப்பு நிற்பதே அதில்தான். ஒன்பது நாள் வேலையை ஒரு தடவை விற்றால் கூலி. பதினோரு தடவை விற்றால்தான் தொழில்.

பதினோரு பனியன் கம்பெனியை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாமா என்றால், அதுவும் முடியாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகள் ஆடிப்போயின. அந்த மாசம் என் ஏ.எம்.சி. பில்லைக் கையில் வாங்கக்கூட நிறைய பேர் தயாராக இல்லை. அப்போது கைகொடுத்தது அனுப்பர்பாளையம். அதே திருப்பூர்தான், ஆனால் பனியன் இல்லை. பித்தளை, செம்புப் பாத்திரம். அங்கேயும் தகடு எடை போட்டுத்தான் பட்டறைக்குப் போகிறது, பாத்திரமாக எடை போட்டுத்தான் வருகிறது. 'துணி' என்று இருந்த இடத்தில் 'தகடு' என்று மாற்றினேன். மீதி எல்லாம் அதேதான். கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது!

ஆன்லைனில் வெளிநாட்டு வேலை பிடிக்கலாமே என்பவர்களுக்கு: தாராளமாக. அப்வொர்க், ஃப்ரீலான்சர் போன்ற தளங்களில் பிழைக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. ஆனால் அங்கேயும் 'எல்லாம் செய்வேன்' என்று எழுதுகிறவன் நூற்றோடு நூற்றொன்று. 'பல் டாக்டர் கிளினிக்குக்கு அப்பாயின்ட்மென்ட் செய்வேன், மூணு செய்திருக்கிறேன்' என்பவனைத்தான் பல் டாக்டர் கூப்பிடுகிறார். பேக்கரி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தேங்காய் பன் கிடைக்காது.

சாவி யார் கையில்?

இப்போ கெட்ட பேர் வாங்கின கதை.

இன்னொரு கம்பெனி. பேர் வேண்டாம். பேக்கிங் கணக்கு முழுக்கப் போட்டுக் கொடுத்தேன். எந்தப் பெட்டியில் எந்த சைஸ் எத்தனை பீஸ் என்ற பேக்கிங் லிஸ்ட் அதிலிருந்துதான் பிரிண்ட் ஆகும். பேசியது அறுபதாயிரம். கையில் வந்தது இருபது. மீதி நாற்பதுக்கு ஐந்து மாசம் நடந்தேன். 'வர்ற சனிக்கெழம வாங்கிக்கலாம் தம்பி.' எத்தனை சனிக்கிழமை! அவரும் பொய் சொல்லவில்லை. அவருக்கு வெளிநாட்டுப் பணம் வர ரெண்டு மூணு மாசம். அவர் நூல்காரருக்குக் கொடுக்கணும், டையிங்குக்குக் கொடுக்கணும், சனிக்கிழமை ஆளுக்குக் கொடுக்கணும். அந்த வரிசையில் கடைசி ஆள் கம்ப்யூட்டர்காரத் தம்பி. ஆனால் என் ரூம் வாடகைக்கு அந்த வரிசை தெரியாதே?

ஒரு வியாழக்கிழமை ராத்திரி. அவர் கம்ப்யூட்டருக்குள் போகும் வழி என்னிடம் இருந்தது. போனேன். சாஃப்ட்வேரைப் பூட்டினேன். திறந்தால் 'பாக்கித் தொகையைச் செலுத்தவும்' என்று மட்டும் வரும். திருப்தியாகத் தூங்கினேன்.

மறுநாள் அவர்களுக்கு ஷிப்மென்ட். எனக்குத் தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். உண்மை என்னவென்றால், தெரியும்.

சாயங்காலம் நாற்பதாயிரமும் வந்துவிட்டது. முழுசாக! ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பணத்தைக் கொண்டுவந்தது அங்கே பேக்கிங் கணக்கு எழுதுகிற அக்கா. சைஸ் கணக்கு எப்படிப் போடுவது என்று எனக்கே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர். முந்நூறு பெட்டிக்குக் கையாலேயே லிஸ்ட் எழுதியிருக்கிறார், காலையிலிருந்து. கவரைக் கொடுத்துவிட்டு, 'மொதலாளி மேல கோவம்னா அவருகிட்ட காட்டியிருக்கலாமுங்க' என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம், சரி என்று சொல்லியிருந்த இரண்டு கம்பெனிகள் போனை எடுக்கவில்லை. மூன்றாவது கம்பெனிக்காரர் நேரிலேயே கேட்டார்: 'உங்க சாஃப்ட்வேர் நல்லாத்தானுங் இருக்கும். ஆனா, சாவி உங்க கையிலயே இருக்குமாமே?'

டி.சி. அடியில் பொடி எழுத்தில் போட்ட என் பேர் எந்தச் சந்துகளில் எல்லாம் போனதோ, அதே சந்துகளில் இதுவும் போயிருந்தது. இது கொஞ்சம் வேகமாகப் போயிருந்தது. சட்டத்தையும் பிறகுதான் படித்தேன். அனுமதி உள்ள ஒருவரைத் தன் கம்ப்யூட்டருக்குள் போகவிடாமல் தடுத்தால், 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவில் நஷ்ட ஈடு கேட்க இடம் இருக்கிறது. அவர் கேட்கவில்லை.

பணம் வாங்க நியாயமான வழியும் உண்டு. உத்யம் பதிவு இலவசம். சேவை செய்யும் தனியாளும் செய்துகொள்ளலாம். குறு, சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி என்று 2006-ம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. நான் இதுவரை யார் மேலேயும் புகார் போட்டதில்லை. பில்லின் அடியில் உத்யம் நம்பரைப் போட்டு வைத்திருக்கிறேன். சில ஆடிட்டர்கள் அதைப் பார்த்ததும் முதலாளிக்கு ஞாபகப்படுத்துகிறார்கள். அதைவிட உபயோகமானது, வேலையைத் துண்டு போடுவது. அறுபதாயிரத்து வேலையை நாலு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் முன்பணம். வராவிட்டால் அடுத்த துண்டு நிற்கும். ஓடிக்கொண்டிருப்பது ஓடும். வாரா வாரம் அவர்கள் தகவல் முழுக்க ஒரு பென் டிரைவில், அவர்கள் பீரோவில். முதல் நாளே அந்தப் பென் டிரைவை மேஜைமேல் வைத்து, 'சாவி உங்ககிட்டதாங்க இருக்கும்' என்று சொல்லிவிட்டுத்தான் டெமோவே ஆரம்பிக்கிறேன். அதைக் கேட்டதும் சிலர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். கதை அவர்கள் காதுக்கும் போயிருக்கும் போல.

மணி ஆறு. ஷிப்ட் விடுகிற நேரம். டிபன் பாக்ஸோடு கூட்டம் கூட்டமாக வருகிறார்கள்; மதுரைத் தமிழ், தேனித் தமிழ், ஒடியா, இந்தி எல்லாம் ஒரே சந்தில் கேட்கும். அடுத்து இந்த ஆட்களுக்கான வருகைப் பதிவு ஸ்கிரீன் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று உங்களுக்கு இப்போதே ஒரு யோசனை ஓடுகிறதா? எழுதி வைச்சுக்கோங்க. எனக்கு ஓடவில்லை, உங்களோடதுதான்.

இந்த பேக்கரிக்கு வலதுபக்கம் மூன்றாவது சந்து. உள்ளே போனால் பச்சை கேட். பூட்டினேனே, அந்தக் கம்பெனி. அந்த அக்கா இன்னமும் அங்கேதான் இருக்கிறார். கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டார்களாம், திரும்பவும் நோட்டில்தான் எழுதுகிறார்களாம். அவர்களுக்கு ஒரு சாஃப்ட்வேர் தேவைப்படுகிறது. நல்ல சாஃப்ட்வேர்.

நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கேயே ஒரு டீ சொல்லிக்கிட்டு நிக்கிறேன்.